ஓவர்லாக் இல்லை, ஓவர்கிளாக்

“கடையை எடுத்துக்கிடட்டுமா, வேண்டாமா?” என்று மெஹர் பானு கேட்ட அந்த நொடியில், போன் திரையில் அவள் கணவர் யாக்கூப் உறைந்துபோனார்.

வாய் பாதி திறந்திருந்தது. தாடியைச் சொறியப் போன வலது கை, தாடிக்கும் காதுக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றுவிட்டது. மெஹர் பானு போனை உலுக்கிப் பார்த்தாள். மாடிப்படியில் ஏறி, வானத்தைப் பார்த்து உயர்த்திப் பிடித்தாள். யாக்கூப் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் இணைப்பு தானாகவே அறுந்தது.

மறுபடி கூப்பிட்டாள். உடனே எடுத்தார்.

“என்னட்டி, படம் நின்னு போச்சு. நீ என்ன கேட்டன்னே வெளங்கல.”

“குற்றாலத்துக் கடைங்க. வல்லிநாயகம் அண்ணாச்சி கடை. எடுக்கட்டுமான்னு...”

மறுபடியும் உறைந்தார். இந்தத் தடவை கை மடியில் இருந்தது.

அன்று சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து குரல் செய்தி வந்தது. “உன் போன் பழசாயிட்டுட்டி. நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கிற ப்ராசஸருக்கு மூச்சு வாங்குது. அதான் படம் நிக்கி. என்ன செய்ய?”

யாக்கூப்புக்கு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை. எந்த இயந்திரம் எதனால் நிற்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவர் ப்ராசஸர் என்றால் ப்ராசஸர்தான். மெஹர் பானுவுக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

தென்காசியில் அவள் வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள் ஓடின. ஒன்று அவளுடையது. இன்னொன்றில் பக்கத்துத் தெரு ஆனந்தவள்ளி உட்கார்ந்து தைத்தாள். பிளவுஸும் சுடிதாருமாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில், குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கடை காலியாகிற செய்தி வந்து விழுந்தது. சீசனுக்கு வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் மாற்றுத்துணி கொண்டு வராமல் அருவியில் நின்றுவிட்டு, நடுங்கிக்கொண்டே நைட்டி கிடைக்குமா, துண்டு கிடைக்குமா என்று அலைவதை அவள் வருஷா வருஷம் பார்த்திருக்கிறாள். நைட்டி தைக்க அவளுக்கும் ஆனந்தவள்ளிக்கும் கண்ணைத் திறக்கவே வேண்டாம்.

ஆனால் யாக்கூப் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவரைக் கேட்காமல் அவள் பெரிய காரியம் எதுவும் செய்ததில்லை. வேண்டாம் என்று சொன்னாலும் சரி. முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும்.

எழுதிக் கேட்டுப் பார்த்தாள். ‘இன்ஷா அல்லாஹ்’ என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ. வீடியோ இல்லாமல் வெறும் போன் போட்டுக் கேட்டாள். “கேக்கல... கேக்கல... விட்டு விட்டு வருது. வீடியோல வா” என்றார். வீடியோவில் போனால் படம் நிற்கிறது.

“வீடியோதான் வழின்னா வீடியோவைச் சரி பண்ணிருவோம்” என்றாள் மெஹர் பானு. நூல் அறுந்தால் கோர்ப்பது மாதிரி அவளுக்கு அது ஒரு வேலை. அவ்வளவுதான்.

முதலில் போனில் இருந்த குப்பையைக் கழித்தாள். காலை வணக்கப் படங்கள், யார் யாரோ அனுப்பிய சமையல் வீடியோக்கள், போன பெருநாளின் மங்கலான போட்டோக்கள், எல்லாம் போயின. கழிக்கிற வேகத்தில் பிளவுஸ் டிசைன் படங்கள் இருந்த போல்டரும் சேர்ந்து போனது. அதில்தான் ஆய்க்குடி உமாராணியின் கல்யாண பிளவுஸுக்கான மயில் இருந்தது.

ஞாபகத்தில் இருந்ததை வைத்து முதுகில் ஆரி வேலை போட்டாள். போட்டுப் பார்க்க வந்த உமாராணி கண்ணாடி முன்னால் திரும்பி நின்று வெகுநேரம் முதுகைப் பார்த்தாள்.

“யக்கா, நான் மயில்லா கேட்டேன்?”

“மயில்தானே?”

“வான்கோழி மாதிரி இருக்கு.”

ஆனந்தவள்ளி கிட்டத்தில் வந்து மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். “கழுத்தை நீட்டிவிட்டா மயிலாயிரும்” என்றாள். கழுத்தை நீட்டினார்கள். அது கொக்கானது. கடைசியில் முழுவதையும் பிரித்து மறுபடி போட்டார்கள்.

அத்தனை குப்பையைக் கழித்தும் யாக்கூப் உறைவது நிற்கவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மைதீனுக்குச் செல்போன் கடை. அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“புதுசு எடுத்துருங்கக்கா.”

“அவுக வரும்போது வாங்கிட்டு வாரேன்னு சொல்லியிருக்காவ. எப்ப வருவாவன்னு தெரியாது. எனக்கு இது இப்பவே ஓடணும்.”

“இது ஓடத்தானக்கா செய்யுது?”

“வீடியோல நிக்குது. ப்ராசஸர் பத்தலையாம்.”

மைதீன் சும்மா இருந்திருக்கலாம். மத்தியான நேரம், கடையில் ஆளில்லை. பேச்சுத் துணைக்கு ஒருத்தி கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

“ப்ராசஸர் இதுக்கு மேலயும் ஓடும்க்கா. சூடாகிறக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் ஒரு அளவு வச்சு நிறுத்தியிருப்பான். அந்த அளவைக் கூட்டி விடுறதுக்குப் பேரு ஓவர்கிளாக். அதுக்குன்னே ஆப் இருக்கு. வேகத்தை நம்ம கையால ஏத்தலாம், இறக்கலாம்.”

“அப்ப ஏத்திவிடு.”

“நான் தொட மாட்டேன். போன் செத்துப்போச்சுன்னா பழி என் தலையில விழும்.”

“உன் தலையில எதுக்கு விழுது? பேரை மட்டும் எழுதிக் குடு. நான் பாத்துக்கிடுதேன்.”

தையல் மெஷினுக்கு மோட்டார் போட்ட புதிதில் ஓட்டம் போதவில்லை என்று, மோட்டாரில் இருந்த சின்னச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய சக்கரத்தைத் தன் கையாலேயே மாட்டியவள் அவள். கூட்டினால் ஓடும், அளவு மீறினால் ஊசி ஒடியும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்து ஆனந்தவள்ளியிடம் சொன்னாள். “வள்ளிக்கா, போனுக்கு ஓவர்கிளாக் பண்ணப் போறேன்.”

ஆனந்தவள்ளி பெடலிலிருந்து காலை எடுத்தாள். “போனுக்கு எதுக்குட்டி ஓவர்லாக்? ஓரம் பிரியுதா?”

“ஓவர்லாக் இல்லக்கா. ஓவர்கிளாக்.”

“கடிகாரமா?”

“வேகம்.”

“நல்லா இருக்கிற போனுக்கு என்னத்துக்கு வேகம்? நிதானமா இருந்தா ஆகாதா?”

“நிதானமா இருந்தா அண்ணாச்சி கடையை வேற ஆளுக்குக் குடுத்துருவாரு.”

ஆனந்தவள்ளி எழுந்து வீட்டுக்குப் போனாள். பட்டாளத்தில் இருக்கிற மகன் முத்துச்செல்வம் வீட்டில் விட்டுப் போன லேப்டாப்பைக் கொண்டு வந்து கொடுத்தாள்.

துணி தேய்த்துக்கொண்டே, பட்டன் தைத்துக்கொண்டே மெஹர் பானு பாடம் படித்தாள். தமிழில் சொல்லிக்கொடுக்கிற ஒரு தம்பியின் வீடியோக்கள். அந்தத் தம்பி எதை ஆரம்பித்தாலும் பத்திரத்தைத்தான் முதலில் சொல்வான். எல்லாவற்றையும் பிரதி எடுத்து வை. வேகத்தை ஒரே மூச்சில் ஏற்றாதே, ஒவ்வொரு படியாக ஏற்று. ஒவ்வொரு படியிலும் போனை ஓடவிட்டுச் சோதி. சூடு எவ்வளவு என்று கண்ணை எடுக்காமல் பார். போன் நிலைத்து ஓடுகிறது என்று உறுதியாகத் தெரிகிற வரைக்கும், ‘திறக்கும்போதே இந்த வேகம்’ என்கிற கட்டத்தில் டிக் போடாதே. மெஹர் பானு அவ்வளவையும் மனப்பாடம் செய்தாள். தொழுகை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் உதடு அதைத்தான் முணுமுணுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை போனை லேப்டாப்போடு இணைத்து, கம்பெனிக்காரன் உள்ளே போட்டு வைத்திருந்த பூட்டைத் திறந்தாள். சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. சரி என்று அழுத்தினாள். போன் முழுவதும் துடைத்துப் போட்ட மாதிரி வெறுமையாகி, அன்றுதான் பிறந்த பிள்ளையாய்க் கண் விழித்து, “வணக்கம், மொழியைத் தேர்ந்தெடுக்கவும்” என்றது. பிரதி எடுத்து வைத்திருந்ததால் அவள் பதறவில்லை. வீடியோவில் சொன்ன வரிசைப்படி ஒவ்வொன்றாக ஏற்றி, கடைசியில் கட்டுப்பாட்டுச் செயலியைத் திறந்தபோது கண் பளிச்சிட்டது. வேகத்துக்கு ஒரு கோடு, அதில் நகர்த்துவதற்கு ஒரு வட்டப் பொட்டு. பக்கத்தில் சூடு காட்டும் எண். தையல்காரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரே ஒரு சங்கடம். போனைத் திருத்தியிருக்கிறாய் என்று சொல்லி வங்கிச் செயலி திறக்க மறுத்துவிட்டது. “அது கெடக்கு, நேர்ல போயிக்கிடலாம்” என்று மெஹர் பானு வங்கி வரிசையில் போய் நின்றாள்.

வேகத்தை ஒரு படி ஏற்றினாள். சோதித்தாள். சூடு ஏறவில்லை. யாக்கூப்பைக் கூப்பிட்டாள்.

முகம் துடைத்து வைத்த மாதிரி தெரிந்தது. மழை பெய்கிறதா என்று கேட்டார், சொன்னாள். சர்க்கரை மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள், போட்டேன் என்றார். சிவகிரி மச்சினன் வீட்டு விசேஷத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று விசாரித்தார். எல்லாம் தடங்கல் இல்லாமல் ஓடியது. மெஹர் பானு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “அந்தக் குற்றாலத்துக் கடை...” என்றாள்.

படம் நின்றது.

அவள் சோர்ந்துபோகவில்லை. காரணம் தேடினாள். காரணமும் கிடைத்தது. எடுத்த எடுப்பில் கடையைப் பற்றிக் கேட்பது முறையில்லை என்று அவள் நலம் விசாரித்து, ஊர்க்கதை பேசி, கடைசியில்தான் விஷயத்துக்கு வருகிறாள். அதற்குள் போன் சூடாகிவிடுகிறது. சூடானால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று அந்தத் தம்பி வீடியோவில் தெளிவாகச் சொல்லியிருக்கிறான். ஆகவே இரண்டு வேலை இருக்கிறது. வேகத்தை இன்னும் கூட்ட வேண்டும், சூட்டைக் குறைக்க வேண்டும்.

கூட்டினாள். ஒவ்வொரு தடவையும் வேகத்தை மறுபடி வைக்க அலுத்துப்போய், ஒருநாள் அந்த டிக்கையும் போட்டுவிட்டாள்.

அதோடு போன் திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தொடக்க இசையை முழுதாக வாசித்தது. உமாராணி மாமியாரோடு பிளவுஸ் வாங்க வந்திருந்தாள். அந்த அம்மாள் மயிலை உற்றுப் பார்க்கும்போதெல்லாம் டிங் டிங் என்று வாத்தியம் முழங்கியது. மெஹர் பானு போனை நூல் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். டப்பாவுக்குள்ளிருந்தும் வாசித்தது.

“என்னத்தா அது, பொட்டிக்குள்ள?” என்று மாமியார் கேட்டாள்.

“புது மெஷின் வந்திருக்கு, அதுதான்” என்றாள் ஆனந்தவள்ளி.

அவர்கள் போன பிறகு மெஹர் பானு டப்பாவைத் திறந்து, பாடத்தை முதலிலிருந்து சொல்லிப் பார்த்து, சத்தம் குறைக்கிற பொத்தானை அழுத்திப் பிடித்தபடி போனைத் திறந்தாள். செயலி அடங்கி, பழைய வேகத்துக்கு வந்தது. டிக்கை எடுத்தாள். இனி அதைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தொடவும் இல்லை.

வேகத்தை மறுபடி படிப்படியாக ஏற்றினாள். இனி சூடுதான் பாக்கி. ஈரத்துணியில் வைத்துப் பார்த்தாள். டேபிள் பேன் முன்னால் நிறுத்திப் பார்த்தாள். எண் இறங்கவில்லை. கடைசியில் பிரிட்ஜைத் திறந்து, முட்டைத் தட்டுக்கும் இட்லி மாவுக்கும் இடையில் போனைச் சாய்த்து வைத்து, தலையையும் உள்ளே நுழைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

யாக்கூப் எடுத்தார். முகத்தைத் திரைக்குக் கிட்டத்தில் கொண்டு வந்து பார்த்தார்.

“ஏட்டி, எங்கன இருக்க?”

“வீட்டுலதான்.”

“முட்டைக்கு நடுவுலயா?”

“அது கெடக்கட்டும். சாப்ட்டீயளா?”

“நான் சாப்ட்டது இருக்கட்டும். நீ ஏன் உள்ள போயி உக்காந்திருக்க? வெயில் ரெம்பவா?”

“போன் சூடாகாம இருக்கணும்லா? இப்ப சூடே இல்ல. படம் நிக்காது. சொல்லுங்க, கடையை எடுக்கட்டுமா?”

யாக்கூப்பின் கண்கள் ஒருமுறை முட்டைகளைப் பார்த்தன. அப்படியே நின்றன.

மெஹர் பானு பல்லைக் கடித்துக்கொண்டு, வேகத்தை அங்கேயே, தலை உள்ளேயே இருக்க, இன்னும் ஒரு படி ஏற்றினாள். பயனில்லை. வெளியே வந்தபோது புருவத்தில் பனி இருந்தது. பிரிட்ஜ் கதவு வெகுநேரம் திறந்து கிடந்ததால் மாவு பொங்கி வழிந்து கீழ்த்தட்டில் கத்தரிக்காய் மேல் இறங்கியிருந்தது. போனுக்குள் ஈரம் ஏறி, சார்ஜ் ஏறமாட்டேன் என்று எச்சரிக்கை காட்டியது. போனை நன்றாகத் துடைத்து, ராத்திரி முழுக்கப் பேன் காற்றில் வைத்தாள்.

மறுநாள் காலையில் வல்லிநாயகம் அண்ணாச்சி கூப்பிட்டார்.

“ஏம்மா மெஹரு, வெள்ளிக்கெழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவைச் சொல்லீரு. சிப்ஸ் போடுறவரு ஒருத்தரு தெனமும் வந்து நிக்காரு. உனக்காகத்தான் தள்ளிக்கிட்டு வாரேன்.”

“சொல்லீருதேன் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரவுக ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்.”

“அவரு என்ன சொல்லுதாரு?”

“சொல்லத்தான் வாராவ. அதுக்குள்ள போன் நின்னுருது.”

போனை வைத்துவிட்டு அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மேற்கே மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. சாரல் இறங்கியிருந்தது. மனதுக்குள் ஒரு கதவு திறந்தது.

“வள்ளிக்கா, வெள்ளிக்கெழமை குற்றாலம் போறோம்.”

“குளிக்கவா?”

“போனைக் குளிர வைக்க. பிரிட்ஜுல ஈரம் உள்ள போயிருது. அங்கன காத்துதான் குளிர்ச்சி. கடை வாசல்லயே நின்னு கேட்டுருதேன்.”

ஆனந்தவள்ளி குடையைத் தேடப் போனாள்.

வெள்ளிக்கிழமை யாக்கூப்புக்கு விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடிந்து அறைக்குத் திரும்பி, கூட இருக்கிறவரோடு சமைத்துச் சாப்பிடுகிற நாள். அந்த நேரத்தைக் கணக்குப் பண்ணி இருவரும் பஸ் ஏறினார்கள். குற்றாலத்தில் இறங்கும்போதே காற்று எலும்பைத் தொட்டது. தலையில் எண்ணெய் வழிய ஆண்கள் அருவிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். குளித்துவிட்டு வந்த ஒரு குடும்பம், ஈரச் சேலையும் ஈர வேட்டியுமாகக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“நைட்டி இருக்காம்மா?” என்று அந்தக் குடும்பத்து அம்மாள் மெஹர் பானுவிடமே வந்து கேட்டாள்.

“அடுத்த வாரம் வாங்க” என்று மெஹர் பானு தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள்.

அண்ணாச்சி கடை வாசலில் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு ஒருவர். அவர்தான் சிப்ஸ்காரராக இருக்க வேண்டும்.

மெஹர் பானு தகரக்கூரையின் ஓரத்தில், சாரல் மேலே படாத, ஆனால் காற்று மட்டும் வந்து மோதுகிற இடமாகப் பார்த்துப் போனைப் பிடித்தாள். ஆனந்தவள்ளி குடையைப் பக்கவாட்டில் சாய்த்துத் தடுப்புக் கட்டினாள். செயலியைத் திறந்தார்கள். சூடு காட்டும் எண் இறங்கிக்கொண்டே போனது. இதுவரை அவ்வளவு கீழே அவள் அதைப் பார்த்ததில்லை. பொட்டை ஒரு படி நகர்த்தினாள். சோதித்தாள். நிலைத்து ஓடியது. இன்னொரு படி. ஓடியது. பொட்டு கோட்டின் கடைசிக்கு வந்து சேர்ந்தது. அதற்குமேல் போக இடமில்லை. போன் கையில் குளிர்ந்து கிடந்தது.

“என்னம்மா செய்யுத?” என்றார் அண்ணாச்சி.

“வேகம் ஏத்துதேன் அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க.”

கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். அப்படியொரு படத்தை மெஹர் பானு அந்தப் போனில் கண்டதில்லை. தாடியில் நரைத்த முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். சட்டைப் பொத்தானில் நூல் தளர்ந்திருப்பதுகூடத் தெரிந்தது. ஊருக்கு வந்ததும் அதைத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“என்னட்டி, இன்னைக்குப் படம் இவ்வளவு தெளிவா இருக்கு?” என்றார் யாக்கூப். குரலில் சந்தோஷத்தோடு ஏதோ ஒன்று கலந்திருந்தது. “புது போனா?”

“பழசுதான். நான் வேகம் ஏத்தியிருக்கேன். நானே.”

“நீயேவா?”

“ப்ராசஸர் பத்தலைன்னு நீங்கதான சொன்னீய? அதான். இப்ப முழு வேகத்துல ஓடுது. சூடும் இல்ல. எவ்வளவு நேரம் பேசினாலும் நிக்காது.”

“மாஷா அல்லாஹ்” என்றார் யாக்கூப் மெதுவாக. தலையணையை இழுத்துப் பின்னால் வைத்துச் சாய்ந்துகொண்டார்.

இன்று ஊர்க்கதை எதுவும் பேசுவதாக இல்லை. அவள் போனைத் திருப்பிக் கடையைக் காட்டினாள், அருவிக்குப் போகிற கூட்டத்தைக் காட்டினாள், அண்ணாச்சியைக் காட்டினாள். அண்ணாச்சி கும்பிட்டார். போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

“இதுதான் கடை. அண்ணாச்சி சாவியோட நிக்காரு. நானும் வள்ளிக்காவும் தைப்போம். வீட்டுக்கும் உங்களுக்கும் ஒரு கொறையும் வராது. எடுக்கட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

யாக்கூப் கண்ணை இமைத்தார். இமைத்த கண் மூடியது. மூடியபடியே படம் நின்றுவிட்டது.

சாரலின் சத்தம் மட்டும் கேட்டது.

மெஹர் பானு செயலியைத் திறந்து பார்த்தாள். வேகம் உச்சத்தில் இருந்தது. சூடு இல்லவே இல்லை. மற்ற செயலிகளையெல்லாம் திறந்து மூடிப் பார்த்தாள், எல்லாம் வேகத்தில் பறந்தன. செய்ய இனி ஒன்றும் மிச்சமில்லை. படித்ததையெல்லாம் செய்தாயிற்று. பொட்டும் கோட்டின் முனையில் இருக்கிறது.

“உன் வீட்டுக்காரர் அசையவே மாட்டேங்காரேம்மா” என்றார் அண்ணாச்சி, எட்டிப் பார்த்து.

“இப்படித்தான் அண்ணாச்சி.”

“இப்ப என்ன செய்ய? அவரும் காத்துக்கிட்டு நிக்காரு.” சிப்ஸ்காரர் கட்டியிருந்த கையை அவிழ்த்து ஓரடி முன்னால் வந்தார்.

மெஹர் பானு போனைப் பார்த்தாள். கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்திருந்த அந்த முகம் அவளுக்குப் பாவமாக இருந்தது. அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர்தான் என்ன செய்வார்? சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறக்கிறார். இந்தப் போன் சொல்ல விட்டால்தானே?

ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பூட்டைத் திறந்ததும், துடைத்துப்போன போனுக்கு உயிர் கொடுத்ததும், நூல் டப்பாவுக்குள் வாத்தியம் வாசித்ததை அடக்கியதும் அவள்தான். அதில் ஒன்றுக்குக்கூட அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு நைட்டிக் கடை அதைவிடப் பெரிய காரியமா?

“அண்ணாச்சி, சாவியைக் குடுங்க.”

“அவரு சொல்லல்லியே?”

“சொல்லுதப்போ சொல்லட்டும். நான் எடுத்துக்கிட்டேன்.”

அண்ணாச்சி சாவியைக் கொடுத்தார். சிப்ஸ்காரர் மறுபடி கையைக் கட்டிக்கொண்டு, வந்த வழியே நடந்தார். ஆனந்தவள்ளி குடையை மடக்கிவிட்டு ஷட்டரைத் தூக்கினாள். துருவேறிய ஷட்டர் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக்கொண்டு மேலே போனது. உள்ளே இரண்டு மெஷின் போட இடம் இருந்தது. ஒரு ஓவர்லாக் மெஷினையும் சேர்த்துப் போடலாம்.

மெஹர் பானு போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். யாக்கூப் அப்படியேதான் இருந்தார்.

“உங்களுக்கு இது கேக்குமோ கேக்காதோ, தெரியாது” என்று அந்த மூடிய கண்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். “கடையை எடுத்துட்டேன். கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க சரின்னுதான் சொல்லியிருப்பீய, எனக்குத் தெரியும். போன்தான் சதி பண்ணிட்டு.”

இணைப்பைத் துண்டிக்க விரலைக் கொண்டு போனாள். அப்போது போனுக்குள் எங்கோ தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, உச்ச வேகத்தில் ஓடிய அந்தப் பழைய போனிலிருந்து, யாக்கூப்போடு அறையில் தங்கியிருப்பவரின் குரல் ஒரு சொல்கூடப் பிசகாமல் வந்தது:

“யாக்கூப் அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம் இப்படி மூச்சை அடக்கிக்கிட்டு செலை மாதிரி இருப்பீய? அண்ணி கடையைப் பத்திக் கேட்டு முடிச்சிட்டாவளா, இல்ல போன வாரம் மாதிரி மீன் கொழம்பைத் திரும்பச் சூடு பண்ணணுமா?”